பிடிங்களேன்

எனக்கு டாக்டர்கள் மேல் கோபம் கிடையாது. அவர்கள் அறையில் கிடக்கும் கட்டிலின் மேல்தான் கோபம். அதில் படுத்ததும் யாராவது ஒருவர் 'ரிலாக்ஸ்' என்பார். அந்தச் சொல்லைக் கேட்டதும் என் உடம்பில் எதெல்லாம் இறுக முடியுமோ அதெல்லாம் இறுகிக்கொள்ளும். பல் டாக்டரிடம் போய் ஆறேழு வருஷம் ஆகிறது. கடைவாய்ப் பல் ஒன்று பாதி உடைந்து, ஒரு பக்கமாகவே மென்று பழகிவிட்டேன். சாய்ந்து படுத்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்னொருவர் விரலை உள்ளே விடச் சம்மதிப்பது என்னால் ஆகாத காரியம். கேட்டவர்களிடம் ஆபீசில் வேலை அதிகம் என்று சொல்லி வந்தேன்.

பிள்ளை உண்டானதும் அந்தச் சாக்கு செல்லாமல் போனது. மாதாமாதம் கொல்கத்தாவில் நாங்கள் இருக்கும் பவானிபூரிலிருந்து டாக்சி பிடித்து அலிப்பூர் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை அடித்து இறுக்குவார்களே, அந்த இறுக்கத்துக்கே எனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடும். வீட்டில் நானே சுற்றிப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. டாக்டரம்மா வீட்டில் எடுத்தது, ஆஸ்பத்திரியில் எடுத்தது என்று இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏன் இப்படி என்று கேட்டார். படியேறி வந்தேன் என்றேன். லிஃப்ட் என்ன ஆச்சு என்றார். கூட்டமாக இருந்தது என்றேன். என் வாயில் பொய் அவ்வளவு சுலபமாக வரும்.

ஏழாம் மாதத்தில் ஒரு காலை லேசாக ரத்தம் பட்டது. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினோம். உள்ளே பரிசோதித்துத்தான் ஆக வேண்டும், இரண்டு நிமிஷம் போதும் என்றார் டாக்டரம்மா. ஐம்பதைத் தாண்டியவர், அவசரப்படாத பேச்சு. என் கணவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே டாக்டரம்மாவும் நானும் ஒரு நர்சும். நர்சுக்கு என் வயதுதான் இருக்கும். ஆனாலும் இந்த ஊர் வழக்கப்படி நான் அவளைத் திதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவேன். அவள் என்னையும் திதி என்பாள். அவளுக்கு வங்காளம் தவிர வேறு பாஷை வராது. என் வங்காளம் காய்கறிக் கடையிலும் ஆட்டோவிலும் பொறுக்கியது. கல்யாணமாகி இங்கே வந்த இரண்டு வருஷத்தில் சேர்த்தது அவ்வளவுதான்.

நர்ஸ் என் முட்டியைப் பிடித்தாள். பிடிக்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். 'தொருன்' என்றால் பிடியுங்கள். 'நா' என்றால் இல்லை, வேண்டாம். "தொருன் நா" என்றேன். அவள் இன்னும் அழுத்திப் பிடித்தாள். "தொருன் நா, திதி, தொருன் நா" என்று கெஞ்சினேன். இன்னொரு கையால் என் மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, காதருகே குனிந்து, "லொக்கி மேயே, லொக்கி மேயே" என்றாள். ஊசிக்கு அழும் குழந்தையைச் சமாதானப்படுத்த இங்கே அப்படித்தான் சொல்வார்கள். நல்ல பிள்ளை, சமத்துப் பிள்ளை. எங்கள் பக்கத்தில் சொல்வதானால், நல்ல பிள்ளைல்லா.

அதே வார்த்தையை இதற்கு முன்னால் ஒருவர் என் காதருகே சொல்லியிருக்கிறார். நான் போய்விட்டேன்.

போவது என்றால் மயக்கமில்லை. கண் திறந்திருக்கும், கேட்டால் பதில்கூடச் சொல்வேன். ஆனால் நான் அங்கே இருக்க மாட்டேன். திருநெல்வேலியில் ரயில் ஏறிவிடுவேன். மணியாச்சி, கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போய்க்கொண்டே இருப்பேன். கட்டிலில் கிடப்பது யாரோ. அன்றைக்கு மதுரையைத் தாண்டியிருந்தபோது, முடிந்தது, பயப்பட ஒன்றுமில்லை, குழந்தை நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னது கேட்டது. நல்ல செய்திதான். அது எனக்கு வந்து சேர வெகுநேரம் ஆனது.

உடை மாற்றிக்கொள்ளும்போதுதான் உறைத்தது. இரண்டு நிமிஷத்துக்கே மதுரையைத் தாண்டுகிறவள், பிரசவத்தின்போது எங்கே போய் நிற்பேன்? குழந்தை வெளியே வரும்; அதைப் பெற்றவள் எங்கோ ஒரு பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருப்பாள். வலிக்கு நான் பயப்படவில்லை, சத்தியமாக. என் குழந்தை பிறக்கும் இடத்தில் நான் இல்லாமல் போய்விடுவேனே என்றுதான் பயந்தேன். அன்றிலிருந்து பிரசவம் வரைக்கும் வேறெதுவும் எனக்கு மண்டையில் ஏறவில்லை.

டாக்சியில் வரும்போது கணவரிடம் நர்சைத் திட்டித் தீர்த்தேன். காரணத்தைச் சொல்லவில்லை, திட்டை மட்டும் சொன்னேன். வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னேன், சொல்லச் சொல்ல அழுத்திப் பிடிக்கிறாள், என்ன பிறவியோ என்றேன். அவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா ரயில்வே வேலைக்காக வந்தவர், அப்படியே தங்கிவிட்டார்கள். வீட்டில் தமிழ்தான், ஆனால் தூக்கத்தில் உளறுவது வங்காளத்தில். நீ என்ன வார்த்தை சொன்னாய், அப்படியே சொல்லு என்றார். சொன்னேன். சிரித்துவிட்டார்.

"ஐயோ, தொருன் நா-ன்னா 'பிடிங்களேன்'னு அர்த்தம். பொஷுன் நா-ன்னா 'உக்காருங்களேன்'ங்கிற மாதிரி. நீ கெஞ்சக் கெஞ்ச அந்தத் திதி பாவம், இந்தப் பொண்ணு பயந்துபோய் நம்மளப் பிடிச்சுக்கச் சொல்றான்னு நெனச்சிருக்கும்."

பிடிக்காதீர்கள் என்றால் 'தொர்பேன் நா' என்று சொல்ல வேண்டுமாம். அந்த வடிவத்தை நான் கேட்காமல் இல்லை. நாளெல்லாம் காதில் விழுவதுதான். ஆனால் தமிழ்க் காதுக்கு 'பேன்' என்று முடிந்தால் கொடுப்பேன், நடப்பேன், இருப்பேன். பிடிக்காதே என்று சொல்லப் போய் நான் பிடிப்பேன் என்று உளறுவது போல இருக்கும். அதனாலேயே அந்த வடிவத்தை ஒதுக்கிவிட்டு, எனக்குத் தெரிந்த கணக்கில் ஒரு வினைச்சொல்லும் ஒரு 'நா'வும் சேர்த்துப் போட்டு இரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறேன். எதிர்வீட்டில் நான் மாஷிமா என்று கூப்பிடும் பெரிய அம்மா என் தட்டில் ஏன் சோற்றை அள்ளி அள்ளிக் கொட்டினார் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. போதும் என்பதாக நினைத்து "ஆர் தின் நா" என்று நான் சொல்லும்போதெல்லாம், அவர் காதில் 'இன்னும் போடுங்களேன்' என்று விழுந்திருக்கிறது. மற்ற நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. எதற்கு இந்தக் கோபம் என்று அவருக்குத் தெரியவில்லை, பாவம். சிரித்ததற்காக மன்னிப்புக் கேட்டார், மறுநாள் வங்காள இலக்கணப் புத்தகம் ஒன்று வாங்கி வந்து மேஜையில் வைத்தார். அதைப் பார்த்ததும் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. என் இலக்கணம் தப்பு, அதனால் ஒருத்தி தப்பாகப் புரிந்துகொண்டாள், சரி. அதற்கு முன்னால் ஒரு தடவை நான் சொன்னது சுத்தமான தமிழ். வேண்டாம் அத்தான். இரண்டே சொல், யாருக்கும் புரியும். கேட்டவரும் தமிழர்தான். அங்கே எந்த இலக்கணம் தப்பாகப் போனது?

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. முதல் வேலை சென்னையில். ஹாஸ்டல் கிடைக்கும் வரை பெரியம்மா மகள் வீட்டில் தங்கினேன். அக்கா முதல் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தாள். வீட்டில் அத்தானோடு அக்காவின் மாமியாரும் இருந்ததால் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. அந்த அம்மா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த பகலில் அது நடந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதப் போவதில்லை. எழுதினால் அது அவருடைய கதையாகிவிடும். நாலாம் நாள் அக்காவுக்குப் பையன் பிறந்தான். வீடெல்லாம் சர்க்கரையும் போன் சத்தமும். என் கையிலும் ஒருவர் லட்டைக் கொடுத்தார், தின்றேன். அந்தச் சந்தோஷத்தின் நடுவே போய் நான் என்னத்தைச் சொல்ல?

அம்மாவிடம் மட்டும் சொன்னேன், ஒரு மாதம் கழித்து. அம்மா அழுதாள். அழுது முடித்துவிட்டு, அக்காவின் வாழ்க்கையை நினைத்துப் பார், யாரிடமும் மூச்சு விடாதே என்றாள். நான் விடவில்லை. அவர் இப்போதும் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறார். அம்மா இலை போடுகிறாள்.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகாமல் ஏன் கொல்கத்தாவில் கிடக்கிறாய் என்று கேட்காத ஆளில்லை. இங்கே டாக்டர் நன்றாகப் பார்க்கிறார் என்பேன். அம்மா தினமும் போனில் அதையே கேட்பாள், காரணம் தெரிந்துகொண்டே கேட்பாள். ஏழாம் மாதப் பரிசோதனைக்குப் பிறகு ஒரு நாள், இதை டாக்டரிடம் சொல்லலாமா என்று நினைக்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"ஏட்டி, கல்யாணம் ஆகி நல்லாத்தான இருக்க? இன்னும் எதுக்கு அதையே பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்க?"

நான் பிடித்துத் தொங்குகிறேனாம். போனை வைத்துவிட்டேன். பிறகு வீட்டுக்குள்ளேயே நடந்தேன். ஹாலிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து ஹால். அந்த வாரங்களில் நான் உட்கார்ந்த நேரம் குறைவு. ஆபீஸ் மீட்டிங்கையெல்லாம் காதில் மாட்டிக்கொண்டு நடந்தேன். கீழ்வீட்டுக்காரர் வந்து, மேலே ஏதாவது வேலை நடக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார். பேசாமல் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம், யாரும் முட்டியைப் பிடிக்க மாட்டார்கள் என்று ஒரு நாள் முடிவு செய்வேன். அன்று மாலையே அதைப் பற்றிப் படிப்பேன். கையை இரண்டு பக்கமும் நீட்டி வைக்க வேண்டும், இடுப்புக்குக் கீழே மரத்திருக்கும், நெஞ்சுக்கு முன்னால் துணி கட்டுவார்கள், நடப்பது எதுவும் தெரியாது. அப்படியென்றால் மதுரை என்ன, சென்னைக்கே போய்விடுவேன். மறுநாள் அந்த முடிவை அழிப்பேன். தப்பிக்க வழி ஒன்றுகூட இல்லை என்பது புரிந்தபோது பிள்ளை உதைத்தது. நீ சும்மா இரு என்று அதட்டினேன்.

கணவரிடம் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. திட்டம் போட்டுச் சொல்லவில்லை. அவர் சந்தையிலிருந்து வாங்கி வந்த மீனை சிங்கில் கழுவிக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நடையை நிறுத்தி, முதுகைப் பார்த்தபடி சொன்னேன். ஐந்தாறு வாக்கியம் இருக்கும். அவர் குழாயை மூடினார். திரும்பினார். கையெல்லாம் செதிலும் தண்ணீரும். தொடலாமா என்று கேட்டார். இப்போது வேண்டாம் என்றேன். சரி என்றார். கை காயும் வரை அப்படியே நின்றார். யார் என்று அவர் கேட்கவில்லை. அடுத்த வாரம் நானே சொன்னேன். எங்கள் கல்யாணத்தில் அந்த ஆளிடம் கை கொடுத்தேனே என்று அன்றைக்கு மட்டும் அவருக்குக் குரல் உடைந்தது.

இங்கே கர்ப்பிணிக்கு 'சாத்' என்று ஒன்று செய்வார்கள். சாத் என்றால் ஆசை. பிள்ளைத்தாய்ச்சிக்கு என்னென்ன ஆசையோ அதையெல்லாம் சமைத்துப் போடுவது. ஒன்பதாம் மாதம் எதிர்வீட்டு மாஷிமா எனக்கு அதைச் செய்தார். உனக்கு என்ன வேண்டும், வாய் திறந்து சொல் என்று ஒரு வாரம் என்னைத் துளைத்தார். எனக்கு வேண்டியது அவர் சமையலறையில் கிடைக்காது. பாயசம் என்றேன். ஒரு பகல், அவர்கள் வீட்டுத் தரையில் கம்பளம் விரித்து என்னை உட்கார வைத்தார்கள். தட்டைச் சுற்றி ஐந்து வகை வதக்கல், தலையோடு ஒரு மீன், கிண்ணம் கிண்ணமாக என்னென்னவோ. மாஷிமா மூன்றாவது தடவை சோற்றுக் கரண்டியோடு குனிந்தார். வழக்கமாக நான் அவரைப் பிடித்துத் தள்ளாத குறையாகக் கெஞ்சுவேன், அவர் கொட்டுவார். அன்றைக்கு, "ஆர் தேபேன் நா, மாஷிமா" என்றேன். கரண்டி அப்படியே நின்றது. போதுமா, சரி என்று திருப்பிக் கொண்டு போய்விட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. மற்றவர்கள் பேச்சைத் தொடர்ந்தார்கள். எனக்குக் கண் நிறைந்து தட்டே தெரியவில்லை. சாப்பாட்டில் உறைப்பு என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று தண்ணீரைக் குடித்தேன். நான் ஒரு வார்த்தை சொன்னேன், ஒரு கை நின்றது. இருபத்திரண்டு வயதிலிருந்து நான் காத்திருந்தது அதற்குத்தான் போலிருக்கிறது. அது சோற்றுக் கரண்டியாகத்தான் வர வேண்டுமா என்று சிரிப்பும் வந்தது.

அந்த வேகத்திலேயே அடுத்த பரிசோதனையில் டாக்டரம்மாவிடம் சொன்னேன். எந்த பாஷையில் சொல்வது என்பதே பெரிய பாடு. வங்காளத்தில் அவ்வளவு வார்த்தை என்னிடம் இல்லை. தமிழ் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என் வாய் திறந்திருக்காது. ஆங்கிலத்தில் சொன்னேன், மேனேஜருக்கு மெயில் எழுதுவது போல வழவழவென்று வந்தது. இருபத்திரண்டு வயதில் இப்படி ஒன்று நடந்தது, அதனால் என்னைப் பிடித்து வைத்தால் நான் நானாக இருக்க மாட்டேன், பிரசவத்தின்போது அங்கே இருக்க விரும்புகிறேன். சொல்லிவிட்டு, சான்றிதழ் ஏதாவது கேட்பாரோ என்பது போல உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். இந்த அறையில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், ரத்த அழுத்தம் ஏறியபோதே நான் கேட்டிருக்க வேண்டும் என்றார். பிறகு, உனக்கு எது உதவும் என்று கேட்டார். எது கூடாது என்று பெரிய பட்டியலே வைத்திருந்தேன். எது உதவும் என்று என்னை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. ஒவ்வொன்றாக அவரே கேட்டார். மணிக்கட்டைப் பிடிக்காமல் இருந்தால்? தொடும் முன் சொன்னால்? மல்லாக்கப் படுக்காமல் ஒருக்களித்துப் படுத்தால்? ஆபரேஷன்தான் வேண்டுமென்றால் அதுவும் செய்யலாம், கடைசி நிமிஷம் வரை நீ மனதை மாற்றிக்கொள்ளலாம் என்றார். என் ஃபைலின் முதல் பக்கத்தில், கேட்டுவிட்டுத் தொடவும், வேண்டாம் என்றால் நிறுத்தவும் என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

நர்சிடம் சொல்லலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். நடந்தது வேண்டாம், நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள் என்றேன். அந்தத் திதி உள்ளே வந்து கேட்டுவிட்டு, என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அன்றைக்குப் பிடிக்கச் சொல்லித்தானே கேட்டாய், கை வலித்தும் விடாமல் பிடித்திருந்தேனே என்றாள். அவள் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. கதை தெரியாமலே அவளுக்கு ஏதோ தெரிந்துவிட்டது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, சரி, இப்போது சரியாகச் சொல்லிக் காட்டு என்றாள். "தொர்பேன் நா" என்றேன். கேட்கவில்லை என்றாள். மறுபடி சொன்னேன். இப்படிப் பூனை மாதிரி சொன்னால் வலி நேரத்தில் யார் காதில் விழும் என்று அதட்டினாள். மூன்றாவது தடவை வெளி பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவளுக்குத் திருப்தி.

பத்து நாள் முன்னதாகவே வலி வந்துவிட்டது. அம்மாவின் ரயில் டிக்கெட் அடுத்த வாரத்துக்கு. பனிக்குடம் உடைந்தபோது காலை ஆறு மணி, ரோட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டரம்மா வேறொரு ஆபரேஷனில் மாட்டிக்கொண்டிருந்தார். நல்லவேளை, அந்தத் திதி டியூட்டியில் இருந்தாள். கணவரை உள்ளே விட மாட்டோம் என்றார்கள்; அது மட்டும் அவர்கள் மாற்றிக்கொள்ளாத சட்டம். கதவு மூடியதும், மணியாச்சி வரை போய்விட்டுத் திரும்பினேன். அடுத்த வலிக்குக் கோவில்பட்டி. ஒவ்வொரு முறையும் திதி என் முகத்துக்கு நேரே வந்து, எங்கே இருக்கிறாய், இங்கே பார் என்பாள். என்னைத் தொடாமல் கட்டிலின் கம்பியைத் தட்டுவாள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவேன்.

எட்டரைக்கு டியூட்டி டாக்டர் வந்தார். சின்ன வயது, ஆண். ஃபைலைப் பிரிக்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டே, மெஷினில் ஓடும் கோட்டைப் பார்த்தபடி கட்டிலின் காலடிக்கு வந்தார். செக் பண்ண வேண்டும் என்று மெஷினிடம்தான் சொன்னார். கை வந்துவிட்டது. எனக்கு ரயில் கிளம்பும் சத்தம் கேட்டது. அப்போது, ஏறுவதற்கு முன்னால், வயிற்றின் அடியிலிருந்து கத்தினேன்.

"தொர்பேன் நா."

ஒரு செகண்ட், ஒரு செகண்ட் என்று அவர் கையை எடுக்காமல் சொன்னார். திதி தன் கையை நீட்டி அவர் கைக்குக் குறுக்கே வைத்தாள். அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க, சார் என்றாள். பெரிதாகச் சத்தம் போடவில்லை. அவர் ஏதோ சொல்ல வந்தார். குழந்தையின் துடிப்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஃபைலைப் பாருங்கள், அவங்களே சொல்வாங்க என்றாள். அவர் கையை எடுத்துவிட்டு ஓரடி பின்னால் போனார். ஃபைலைப் பார்த்தார். முகம் சிவந்தது. ஸாரி என்று முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு அறையில் யாரும் அசையவில்லை. கையுறை மாட்டிய கைகளை நெஞ்சுக்கு நேரே தூக்கி வைத்துக்கொண்டு அவர் நின்றார். திதி நின்றாள். எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. வலி ஒன்று வந்து போனது. அப்போதும் காத்திருந்தார்கள். சரி, இப்போது பார்க்கலாம் என்று நான் சொல்ல வேண்டும். இரண்டு மாதமாக வேண்டாம் என்று சொல்ல மட்டுமே பழகியிருக்கிறேன். குளியலறையில், மாடிப்படியில், ஆபீஸ் மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு, எங்கெல்லாமோ சொல்லிப் பார்த்தேன். வேண்டும் என்று சொல்ல நான் பழகவே இல்லை. அப்படி ஒரு வார்த்தை தேவைப்படும் என்று தோன்றியதும் இல்லை. 'பிடிச்சுக்கோங்க' என்று தமிழில்தான் வந்தது. அந்த அறையில் யாருக்கும் அது புரியவில்லை. தப்பாகப் புரிந்துகொண்டுவிடக் கூடாதே என்று இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

நான் எட்டி, திதியின் கையை எடுத்து என் முட்டியில் வைத்தேன். கனமான கை, சூடாக இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். இன்னும் அழுத்திப் பிடி என்று அவள் கையின் மேல் என் கையை வைத்து அழுத்தினேன்.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் மகள் பிறந்தாள். அவள் வந்தபோது நான் எங்கேயும் போகவில்லை. அங்கேதான் இருந்தேன், கத்திக்கொண்டிருந்தேன்.